கல்வராயன் மலையும் இழப்பீட்டுச் சட்டமும்

'ஜாகீர்' என்பது பாரசீகச் சொல். 'ஜா' என்பது இடம். 'கீர்' என்பது பற்றுதலைக் குறிப்பது. முகலாயர் ஆட்சியில் ஓர் அதிகாரியின் ஊதியத்துக்கு ஈடாக ஒரு பகுதியின் வரிவருவாயை ஒதுக்கிக் கொடுப்பதே ஜாகீர் எனப்பட்டது. மண் அவருக்குச் சொந்தமன்று. ஜாகீரும் காலத்துக்குக் காலம் கைமாறும். கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலைமீது ஏறியபோது இச்சொல்லின் பொருள் மாறிற்று. அங்கே அது பரம்பரை ஆட்சியின் பெயராக நிலைத்தது.

சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்தார்கள் மலையைப் பகுத்து ஆண்டனர். விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் அளித்த உரிமை இது என்பது வழிவழிச் செய்தி. காட்டைத் திருத்திச் சாமையும் தினையும் விளைவித்த மலையாளிப் பழங்குடி மக்கள், ஜாகீர்தாருக்கு ஊதியமின்றி உழைத்தனர். சமவெளியில் நிலத்தை அளந்து, புல எண் இட்டுப் பட்டா எழுதும் ரயத்துவாரி முறை வேரூன்றிய பின்னரும், மலையில் வாய்ச்சொல்லே ஆவணமாக இருந்தது.

நாடு விடுதலை பெற்றபின் 1948-ல் சென்னை மாகாணம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. ஜமீன்தாருக்குரிய இழப்பீட்டை அது நுட்பமாகக் கணக்கிட்டது. 'அடிப்படை ஆண்டுத் தொகை' 1,000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அதைப்போல் 30 மடங்கு. ஒரு லட்சத்தைத் தாண்டினால் பன்னிரண்டரை மடங்கு. இனாம் நிலங்களுக்கான ஒழிப்புச் சட்டங்கள் 1963-ல் வந்தன. ஆயினும் கல்வராயன் மலையின் ஜாகீர் ஆட்சி முடிவுற்றது 1976-ல்தான். விடுதலை மலையேறுவதற்கு 29 ஆண்டுகள் பிடித்தன.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒழிப்புச் சட்டம் இரு கேள்விகளைக் கேட்கிறது. ஆண்டவர் இழந்த வருவாய் எவ்வளவு? உழுதவரின் பிடிப்பில் இருந்த நிலம் எது? முதற்கேள்விக்கு விடை சொல்ல வாய்பாடு இருந்தது. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லக் கணக்கும் வரைபடமும் வேண்டும். அவை மலையில் இல்லை. ஒழிப்புச் சட்டத்தின்படி காடுகளோ அரசைச் சேர்ந்தன. ஆகவே ஜாகீர்தாரிடமிருந்து விடுபட்ட உழவர், பட்டா இல்லாத குறையால், தாம் திருத்திய மண்ணிலேயே ஆக்கிரமிப்பாளர் எனப் பெயர் கேட்க நேர்ந்தது. 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டமும் ஏட்டில் பெயருள்ளவரையே எளிதில் கண்டுகொண்டது.

சமவெளியின் ஏட்டை மலைமீது சுமத்துவதற்கு மாறாக, மலையின் சான்றுகளைச் சட்டம் ஏற்க வேண்டும் என்னும் எண்ணம் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில்தான் உருப்பெற்றது. முதியோரின் வாக்குமூலத்தை எழுத்தில் வடித்தால் அது சான்று. பழைய கிணறும் இடுகாடும் சான்று. உரிமைக் கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபை. இவ்வாறு 2008-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. தமிழ்நாட்டில் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் உரிமைப் பத்திரம் வழங்குவது 2016 வரை தடைப்பட்டிருந்தது. 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டமோ, வன உரிமை பெற்றவரையும் 'நில உரிமையாளர்' என்னும் சொல்லுக்குள் சேர்த்துக்கொண்டது.

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானாகவே வழக்கெடுத்து விசாரித்தது. ஜாகீர் ஒழிந்து அரை நூற்றாண்டை எட்டும் வேளையில் இவ்விசாரணை தேவைப்பட்டதே நாம் சிந்திக்கத்தக்கது.

ஆண்டவர் இழந்ததற்கு 1948-லேயே மடங்குக் கணக்கு வகுத்தது சட்டம். காடு திருத்தியவரின் பெயரை ஏட்டில் எழுத அதற்கு 2006 வரை வழி தெரியவில்லை. இழப்பீட்டைப் பற்றிப் பேசும்போது தொகை எவ்வளவு என்பதற்கு முன்னால், இழந்தவர் யார் என்று கேட்பதே முறை. அக்கேள்விக்கு மலையில் விடை சொல்லக் கூடியவர்கள் அங்குள்ள முதியோர். அவர்கள் இருக்கும்போதே அதனைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.