பின்தங்கியவன் வென்ற பந்தயம்

வென்றவர் பெயரை ஏட்டில் பொறிப்பதும் தோற்றவரை மறந்துவிடுவதும் உலகத்து இயல்பு. ஆயினும், வெல்வார் என்று எவருமே எண்ணாத ஒருவர் வென்றுவிட்டால், அவ்வெற்றியை மக்கள் தலைமுறை கடந்தும் பேசி மகிழ்கின்றனர். கோலியாத்தின் முன் கவணோடு நின்ற ஆயச் சிறுவன் தாவீதை நாம் மழலைப் பருவத்திலேயே நெஞ்சில் பதித்துக்கொண்டதும் இதனாலேயே. இத்தகைய வெற்றி நமக்கு எதைக் கற்பிக்கிறது? அது கற்பிக்காத எதனை, கற்பிப்பதாக எண்ணி நாம் ஏமாறுகிறோம்? இவ்விரு வினாக்களையும் ஒரு குதிரையின் வரலாற்றைக் கொண்டு ஆராய விழைகிறோம்.

பொதிகை அடிவாரத்து விக்கிரமசிங்கபுரத்துக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவலாம். நம் பொருநைக் கரையில் குதிரைப் பந்தயத் திடல் ஏதும் இல்லை. நெல்லை, தூத்துக்குடிச் சீமையில் நாம் காண்பது மாட்டுவண்டிப் பந்தயமே. பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என வகை பிரித்து வண்டிகள் பாயும்போது, சாலையின் இருமருங்கிலும் ஊரே திரண்டு நிற்கும். முந்திச் செல்லும் வண்டி எல்லை வரை முந்தியே செல்லும் என்பதற்கு உறுதியில்லை என்பதை அறியாத சிறுவர் நம் பக்கத்தில் இலர். எனவே, நாம் சொல்லப் புகும் நிகழ்ச்சி நடந்த இடம் தொலைவாயினும், அதன் பொருள் நமக்குத் தொலைவானதன்று.

ஏன்ட்ரீ திடலில்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரையொட்டி ஏன்ட்ரீ என்னும் பந்தயத் திடல் உள்ளது. ஆண்டுதோறும் அங்கே 'கிராண்ட் நேஷனல்' என்னும் பெரும் பந்தயம் நடைபெறுகிறது. இது வெறும் ஓட்டமன்று. தடுப்புகளைத் தாண்டி ஓடும் பந்தயம். ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவு. வேலிகளும் நீர்ப்பள்ளங்களுமாக முப்பது தடுப்புகள். புறப்படும் குதிரைகளுள் பல எல்லையை எட்டுவதே இல்லை. 1839ஆம் ஆண்டு நடந்த பந்தயத்தில் கேப்டன் பீச்சர் என்பவர் ஓடையொன்றில் விழுந்தார். அவர் விழுந்த தடுப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவ்வாண்டு வென்ற குதிரையின் பெயர் 'லாட்டரி'. அப்பெயரின் பொருத்தம் போகப் போக விளங்கும்.

1967 ஏப்ரல் 8ஆம் நாள். நாற்பத்து நான்கு குதிரைகள் அணிவகுத்து நின்றன. அவற்றுள் ஒன்று ஃபொய்னாவன். அதனை முன்னர் வைத்திருந்தவர் அயர்லாந்தில் குதிரைகள் வளர்த்த வெஸ்ட்மின்ஸ்டர் கோமாட்டி. ஸ்காட்லாந்தில் அருகருகே நிற்கும் இரு மலைகளின் பெயர்களைத் தம் குதிரைகள் இரண்டுக்கு அவர் இட்டார். ஒன்று ஆர்க்கில், மற்றது ஃபொய்னாவன். ஆர்க்கில் 1964, 1965, 1966 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து செல்ட்டனம் தங்கக் கோப்பையை வென்று பெரும் புகழ் பெற்றது. ஃபொய்னாவனோ தேறாது என்று விற்கப்பட்டது. ஒருமுறை தடுப்பில் தடுக்கி விழுந்த ஃபொய்னாவன், படுத்தவாறே சாவகாசமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்ததாக ஒரு கதையும் உண்டு. அத்தகைய அமைதி, அத்தகைய அக்கறையின்மை. வெள்ளாடு ஒன்று உடனிருந்தால்தான் அதற்கு மனம் அமையும் என்பர்.

இக்குதிரை வெல்லும் என நம்பியவர் யார்? பந்தயக்காரர்கள் அதற்குக் குறித்த விலை 100க்கு 1. அதாவது, ஒரு பவுண்டு கட்டினால் நூறு பவுண்டு தரத் தயார். தர நேராது என்ற துணிவில் குறிக்கப்பட்ட விலை அது. குதிரையின் உரிமையாளர் அன்று ஏன்ட்ரீக்கு வரவே இல்லை. பயிற்சியாளர் ஜான் கெம்ப்டன், வூஸ்டர் என்னும் வேறோர் ஊரில் வேறொரு குதிரையை ஓட்டச் சென்றுவிட்டார். ஃபொய்னாவன் மீது அமர்ந்தவர் ஜான் பக்கிங்ஹாம். கிராண்ட் நேஷனலில் அவர் அதற்குமுன் ஓட்டியதே இல்லை. பிறர் மறுத்த வாய்ப்பு, கடைசி நாள்களில் அவர் கைக்கு வந்தது.

இருபத்து மூன்றாம் தடுப்பு

முதல் சுற்று முடிந்து இரண்டாம் சுற்றில் பீச்சர் ஓடையையும் தாண்டியாயிற்று. அடுத்தது இருபத்து மூன்றாம் தடுப்பு. ஏன்ட்ரீயின் தடுப்புகளுள் மிகச் சிறியவற்றுள் அதுவும் ஒன்று. நான்கரை அடி உயரமே. அதனைக் கண்டு எவரும் அஞ்சியதில்லை. ஆனால், முதல் தடுப்பிலேயே ஜாக்கியை இழந்திருந்த பாபம் டவுன் என்னும் குதிரை, ஆளில்லாமல் முன்வரிசையோடு ஓடிக்கொண்டிருந்தது. இருபத்து மூன்றாம் தடுப்பின் முன் வந்ததும் அது தாண்ட மறுத்துக் குறுக்கே திரும்பி, தடுப்பை ஒட்டியே ஓடியது. முன்னே வந்த குதிரைகள் அதன்மேல் மோதின. அவற்றின்மேல் பின்வந்தவை மோதின. சில விழுந்தன; சில தாண்ட மறுத்து நின்றன; சில ஜாக்கிகளை மட்டும் தடுப்பின் மறுபுறம் எறிந்தன. நொடிப்பொழுதில் பந்தயம் சந்தைக்கடைக் கூட்டமாயிற்று.

ஃபொய்னாவன் அப்போது வெகுதூரம் பின்தங்கி வந்துகொண்டிருந்தது. பின்தங்கியதே அதற்குப் பேறாயிற்று. முன்னே நிகழ்ந்த குழப்பத்தைப் பார்க்கவும், வேகத்தைத் தணிக்கவும், வழி தேடவும் பக்கிங்ஹாமுக்குச் சில நொடிகள் கிடைத்தன. விழுந்தோருக்கும் நின்றோருக்கும் நடுவே புகுந்து, இடைவெளி ஒன்றைக் கண்டு, குதிரையைத் தாண்டச் செய்தார். தாண்டியபின் திரும்பிப் பார்த்தால் பின்னே எவரும் இல்லை!

தொலைக்காட்சிக்காக அவ்விடத்தில் வருணனை செய்துகொண்டிருந்தவர் மைக்கேல் ஓ'ஹெஹிர் என்னும் அயர்லாந்துக்காரர். இந்த ஜாக்கியின் உடை நிறங்களைப் பந்தயத்துக்கு முன்பு அடையாளம் தெரியாமல், அவரிடமே கேட்டுத் தெரிந்து வைத்திருந்ததால்தான், அந்த நொடியில் அவரால் ஃபொய்னாவன் பெயரைச் சொல்ல முடிந்தது. பெயர் கேட்டறிய வேண்டிய நிலையில் இருந்தவர், அடுத்த சில நிமிடங்களில் நாடறிந்தவரானார்.

இன்னும் ஏழு தடுப்புகள் இருந்தன. மற்றவர்கள் மீண்டும் குதிரையேறித் துரத்தினர். எல்லோரும் வெல்லும் என எதிர்பார்த்த ஹனி எண்ட் வெகுவாக நெருங்கி வந்தது. எனினும் ஃபொய்னாவன் ஒரு தடுப்பிலும் தவறாமல், பதினைந்து குதிரை நீள இடைவெளியில் வென்றது. 1984இல் அந்த இருபத்து மூன்றாம் தடுப்புக்கு முறைப்படி 'ஃபொய்னாவன் தடுப்பு' என்று பெயரிடப்பட்டது.

பந்தயம் கட்டியவரின் கணக்கு

இதுவரை சொன்னது குதிரையின் கதை. இனிப் பணத்தின் கதை. 'டோட்' எனப்படும் கூட்டுப் பந்தய முறையில் அன்று ஃபொய்னாவனுக்குக் கிடைத்த விகிதம் 444க்கு 1. இச்செய்தியைக் கேட்ட எவருக்கும் ஒரு சபலம் எழுவது இயல்பே. ஒன்றுக்கு நானூற்று நாற்பத்து நான்கு! அந்தச் சபலத்தைச் சற்றே நிறுத்திவைத்து, கணக்கைப் பார்ப்போம்.

கூட்டுப் பந்தயத்தில் எல்லோர் பணமும் ஒரே நிதியில் சேர்கிறது. நடத்துபவரின் பங்கும் வரியும் முதலில் கழிக்கப்படுகின்றன. எஞ்சியது வென்ற குதிரை மீது கட்டியவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, நூறு பேர் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு, இருபது ரூபாய் கழிவு போனால், எண்பது ரூபாயே திரும்பி வரும். யார் கைக்குப் போனாலும் நூறு பேருக்குமாகச் சேர்ந்து இருபது ரூபாய் இழப்பு உறுதி. அந்த எண்பதும் ஒருவருக்கே கிடைத்தால், அது தொண்ணூற்றொன்பது பேர் இழந்ததன் அடையாளமே. ஆகவே 444 என்னும் எண், வென்றவரின் அறிவுக்கூர்மையை அளப்பதன்று. எத்தனை பேர் வேறு குதிரைகள்மீது கட்டித் தோற்றனர் என்பதையே அளக்கிறது. வென்றவர் பேசுகிறார்; ஊர் கேட்கிறது. தோற்ற பலரோ வீட்டுக்குச் சென்று வாய்மூடியிருக்கின்றனர். வென்றவரின் கதை மட்டுமே உலவுவதால் அடுத்த வாரமும் கூட்டம் சேர்கிறது.

திறமையா, தற்செயலா?

இவ்வினா நம் தமிழகத்தில் நீதிமன்றம் வரை சென்ற வினா. ஆங்கிலேயர் நம் பாபநாசத்து நீர்விசையை நம்பி 19ஆம் நூற்றாண்டின் எண்பதுகளில் நூற்பாலை கண்டனர். அவர்களே சென்னைக் கிண்டியில் குதிரைப் பந்தயத்தையும் வளர்த்தனர். மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. குதிரைப் பந்தயத்தால் குடும்பங்கள் அழிகின்றன என்று கூறி, 1974இல் தமிழக அரசு அதனை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு நீண்டது. 1996 ஜனவரி 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையை அடிப்படையாகக் கொண்டது, சூதாட்டமன்று எனத் தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சமும் பயிற்சியும் ஜாக்கியின் ஆற்றலுமே முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் கருத்து. பின்னர் 2024 செப்டம்பரில் கிண்டித் திடலின் 160 ஏக்கர் நிலக் குத்தகையைத் தமிழக அரசு ரத்து செய்தது வேறு கதை.

ஓடும் குதிரைக்கும் ஓட்டும் ஜாக்கிக்கும் திறமை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. 2015 நவம்பர் 3ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் கோப்பைப் பந்தயத்தில் நடந்ததும் அதையே காட்டுகிறது. 'பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' என்னும் குதிரைக்கும் 100க்கு 1 என்றே விலை. அதனை ஓட்டியவர் மிஷெல் பெய்ன் என்னும் பெண். பத்துப் பிள்ளைகளுள் கடைக்குட்டி; கைக்குழந்தையாய் இருக்கையிலேயே தாயைச் சாலை விபத்தில் இழந்தவர்; ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்து மண்டையோடு முறிந்தும் மீண்டும் சேணத்தில் ஏறியவர். டவுன் நோய்க்குறியோடு பிறந்த அவர் தமையன் ஸ்டீவியே அக்குதிரையைப் பேணி வந்தார். 1861இல் தொடங்கிய அப்பந்தயத்தில் வென்ற முதல் பெண் ஜாக்கி மிஷெல். அங்கே மோதலும் இல்லை, குழப்பமும் இல்லை. பல்லாண்டு உழைப்பு இருந்தது. ஆனால் அவ்வுழைப்பு யாருடையது? மிஷெலுடையது, ஸ்டீவியினுடையது. பந்தயச் சீட்டு வாங்கியவருடையது அன்று. ஓட்டுபவரின் திறமையைக் காட்டி, கட்டுபவரின் சூதுக்கு நற்சான்று வழங்க இயலுமா? இதுவே நம் ஐயம்.

அந்த ஐயம் இன்று நம் வாயிற்படிக்கே வந்துவிட்டது. 1968இல் தமிழக அரசே தொடங்கிய பரிசுச் சீட்டு, 2003இல் லாட்டரி தடை செய்யப்படும் வரை, சம்பள நாளில் தொழிலாளியின் சட்டைப்பையைத் தேடி வந்தது. அதன்பின் சூது கைப்பேசிக்குள் புகுந்தது. இணையச் சூதாட்டத்தில் பணம் இழந்தோர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் பெருகவே, 2022இல் தமிழகம் அதனைத் தடை செய்யச் சட்டம் கொணர்ந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றுக்கு அத்தடை பொருந்தாது என்றது. கிண்டிக் குதிரைக்குச் சொன்ன அதே சொல்! 2025 ஆகஸ்டில் நடுவண் அரசு இயற்றிய சட்டமோ, திறமையாயினும் தற்செயலாயினும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் கூடாது என்றது. வீட்டில் அடுப்பெரியாத தாய்மார் திறமை, தற்செயல் என்ற வேறுபாட்டை என்றுமே கண்டதில்லை என்பதை அச்சட்டம் காலந்தாழ்ந்தேனும் உணர்ந்தது.

வாசக அன்பர்களே, எதிர்பாராத வெற்றி உண்டு. அதனை நாம் நம்ப வேண்டும். தேறாது என்று விற்கப்பட்ட குதிரை வெல்லும். தேறாது என்று நாம் ஒதுக்கிய பிள்ளை நாளை ஊருக்கு விளக்காகும். ஆனால் அவ்வெற்றி களத்தை விட்டு விலகாமல் ஓடிக்கொண்டிருந்தவர்க்கு வருவது. நூறு கெஜம் பின்தங்கிய பக்கிங்ஹாம், இனி என்ன பயன் என்று கடிவாளத்தை இழுத்து நிறுத்தியிருந்தால், இருபத்து மூன்றாம் தடுப்பில் திறந்த வழி அவருக்குத் திறந்திராது. வெற்றி அவர் விலைக்கு வாங்கியதன்று. ஓடிக்கொண்டிருந்தபோது அவருக்கு அருளப்பட்டது.

அவருடைய பிற்கால வாழ்வும் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஓட்டுவதை நிறுத்தியபின் பக்கிங்ஹாம், மற்ற ஜாக்கிகளின் சேணத்தைத் துடைத்து, உடைகளை ஆயத்தம் செய்து தரும் பணியாளராகப் பல ஆண்டுகள் உழைத்தார், 2016இல் மறைந்தார். ஒரு நாள் வெற்றியை நம்பி அவர் வாழவில்லை. அன்றாட உழைப்பில் வாழ்ந்தார்.

நம் அன்பியக் கூட்டங்களில் இது பற்றி மனம் திறந்து பேசுவோமாக. சூதில் விழுந்த சகோதரனை இகழாமல், அவன் கடனின் அளவை முதலில் கேட்டறிவோம். கந்துவட்டிக்காரனிடம் அவன் இரண்டாம் முறை செல்லுமுன் நாம் அவன் வீட்டுக்குச் செல்வோம். பிள்ளைகளுக்கு ஃபொய்னாவன் கதையைச் சொல்வோம். 444 என்ற எண்ணைச் சொல்லும்போது, அது யார் யாருடைய பணம் என்பதையும் சேர்த்தே சொல்வோம்.