இருகட்சி வெளியுறவுக் கொள்கை (அமெரிக்கா)

வெளியுறவில் ஆளுங்கட்சி எதிர்க்கட்சியுடன் முன்கூட்டியே கலந்தாலோசித்து முடிவெடுக்கும் நடைமுறை. அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போரின் இறுதியிலும் அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளிலும்தான் இது முழு வலுவோடு இயங்கியது. நல்லெண்ணத்தைவிட எண்ணிக்கையே இதற்குக் காரணம். அதிபர் செய்துகொள்ளும் உடன்படிக்கைக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஒரே கட்சியிடம் அத்தனை பேர் இருப்பது அபூர்வம்.

இதை உணர்த்தியது, முதல் உலகப்போரை முடித்துவைத்த வெர்சாய் உடன்படிக்கை செனட்டில் அடைந்த தோல்வி. 1919 பாரிஸ் மாநாட்டுக்கு ஜனநாயகக் கட்சி அதிபர் உட்ரோ வில்சன் ஒரு செனட்டரைக்கூட அழைத்துச் செல்லவில்லை. குடியரசுக் கட்சி செனட்டர் ஹென்றி கேபட் லாட்ஜ் நிபந்தனைகளை அடுக்கினார், வில்சன் இறங்கிவரவில்லை. 1920 மார்ச் வாக்கெடுப்பில் ஆதரவு 49, எதிர்ப்பு 35. பெரும்பான்மை இருந்தும் 7 வாக்கு குறைந்தது.

இரண்டாம் உலகப்போர்க் கால ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட் அந்தத் தவற்றைத் திரும்பச் செய்யவில்லை. 1944 தேர்தலின்போதே வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல், எதிர்த்தரப்பு வேட்பாளரின் ஆலோசகரான ஜான் ஃபாஸ்டர் டலஸுடன் பேசி, வரவிருக்கும் உலக அமைப்பான ஐ.நா.வைப் பிரசாரப் பொருளாக்காமல் பார்த்துக்கொண்டார். ஐ.நா. சாசனத்தை வகுத்த 1945 சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கான அமெரிக்கக் குழுவில் குடியரசுக் கட்சியின் மிஷிகன் செனட்டர் ஆர்தர் வாண்டன்பர்குக்கு இடம் கிடைத்தது. முன்னாள் நாளிதழ் ஆசிரியரான இவர், உலக விவகாரங்களில் அமெரிக்கா தலையிடக் கூடாது என்று வெகுகாலம் வாதாடியவர். 1945 ஜனவரி 10 அன்று செனட்டில் ஆற்றிய உரையில் நிலைப்பாட்டை மாற்றியிருந்தார். ஐ.நா. சாசனம் செனட்டில் 89–2 என நிறைவேறியது.

1947இல் செனட் குடியரசுக் கட்சி வசமாகி, வாண்டன்பர்க் வெளியுறவுக் குழுத் தலைவரானார். ஐரோப்பிய மறுசீரமைப்புத் திட்டத்துக்கு, ரூஸ்வெல்ட்டுக்குப் பின் அதிபரான ட்ரூமன் தம் பெயரை வைக்காமல் வெளியுறவு அமைச்சர் மார்ஷல் பெயரை முன்னிறுத்தினார். தேர்தல் ஆண்டு நெருங்கும்போது அதிபர் பெயரோடு வரும் திட்டத்துக்கு எதிர்க்கட்சி பணம் ஒதுக்காது என்பது அவர் கணக்கு, கெட்டிக்காரத்தனமான கணக்குதான். வாண்டன்பர்கும் கேட்டதையெல்லாம் தந்துவிடவில்லை. 15 மாதத்துக்கு 680 கோடி டாலர் என்ற கோரிக்கை, 12 மாதத்துக்கு 530 கோடி ஆனது. திட்ட நிர்வாகம் வெளியுறவுத் துறையிடமிருந்து பிரிக்கப்பட்டு, தொழிலதிபர் பால் ஹாஃப்மனிடம் போனது. நேட்டோவுக்கு வழிதிறந்த 1948 தீர்மானத்தை, வாஷிங்டன் ஓட்டல் ஒன்றிலிருந்த வாண்டன்பர்கின் குடியிருப்பில் அவரும் துணை வெளியுறவு அமைச்சர் ராபர்ட் லவெட்டும் உட்கார்ந்து பேசி வடித்தனர். அது 64–4 என நிறைவேறியது.

இந்த ஒத்துழைப்பு பெரும்பாலும் ஐரோப்பாவைத் தாண்டவில்லை. சீன விவகாரத்தில் தங்களுடன் கலந்தாலோசிக்கவில்லை என்பது குடியரசுக் கட்சியினரின் புகார். 1949இல் சீனா கம்யூனிஸ்ட்டுகள் வசமானதும் பழி முழுவதும் ட்ரூமன் தலையில் விழுந்தது. அடுத்த ஆண்டு, வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்ட்டுகள் இருப்பதாகக் குடியரசுக் கட்சி செனட்டர் மெக்கார்த்தியின் குற்றச்சாட்டுகள் கிளம்பின. நோயுற்றிருந்த வாண்டன்பர்க் 1951இல் காலமானார். ட்ரூமனின் பிரதிநிதியாக ஜப்பான் சமாதான உடன்படிக்கையைப் பேசி முடித்த டலஸ், குடியரசுக் கட்சியின் 1952 தேர்தல் அறிக்கையின் வெளியுறவுப் பகுதியில் அதே ட்ரூமன் கொள்கையைச் சாடி எழுதினார். மறு ஆண்டு வெளியுறவு அமைச்சரானார்.