திரும்பக் கிடைக்காத அட்டை

ஒருவர் ஒரு நாட்டைச் சேர்ந்தவர் என்னும் உண்மையை ஆவணம் படைப்பதில்லை. அதற்குச் சான்று பகர்வதே அதன் பணி. ஆயினும் சான்று பறிபோனால் உரிமையும் உடன் பறிபோய்விடுகிறது. பர்மாவின் அரக்கான் பகுதியில் வாழ்ந்த ரோஹிங்கியா முஸ்லிம்களின் வரலாறு இதை உணர்த்தும்.

1948இல் விடுதலை பெற்ற பர்மா அவ்வாண்டே குடியுரிமைச் சட்டம் இயற்றியது. ஐம்பதுகளில் நாட்டினருக்குத் தேசியப் பதிவு அட்டைகளும் அயல்நாட்டினருக்கு வேறுவகைச் சான்றிதழ்களும் வழங்கப்பட்டன. ரோஹிங்கியாக்களில் பலர் பெற்றவை தேசியப் பதிவு அட்டைகளே.

1982ஆம் ஆண்டின் புதிய சட்டம், 1823க்கு முன் குடியேறிய இனத்தவரைக் குடிமக்களாக ஏற்றது. எந்த இனம் அத்தகையது எனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசே வைத்துக்கொண்டது. அரசு ஏற்ற 135 இனங்களுள் ரோஹிங்கியா இல்லை. ஆனால், அரக்கானில் நெடுங்காலமாக வாழும் முஸ்லிம்கள் தம்மை 'ரூயிங்கா' என அழைத்துக்கொள்வதாக ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் 1799லேயே எழுதியிருந்தார்.

கவனிக்கத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. சட்டம் நடப்புக்கு வந்த நாளில் குடிமக்களாக இருப்போர் தொடர்ந்தும் குடிமக்களே என அதே சட்டத்தின் ஆறாம் பிரிவு கூறியது. எனவே பழைய அட்டை வைத்திருந்தோருக்கு அதுவே அரணாயிற்று. 1989இல் தொடங்கிய மறுபதிவில் அந்த அரண் தகர்ந்தது. புதிய வண்ண அட்டைகளுக்காகப் பழையவற்றை ஒப்படைத்த ரோஹிங்கியாக்கள் பலருக்கு மாற்று அட்டை வழங்கப்படவேயில்லை. 1995 முதல் தற்காலிகமான 'வெள்ளை அட்டை' தரப்பட்டது. அதைக் கொண்டு 2010ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் வாக்களித்தனர். 2015இல் அதுவும் செல்லாதென அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. 2017 ஆகஸ்டில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையின்போது ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வங்கதேசத்தில் அடைக்கலம் புகுந்தனர்.

இவர்களது குடியுரிமை ஒரே நாளில், ஒரே ஆணையால் மறுக்கப்படவில்லை. பதிவு, மாற்று, புதுப்பிப்பு என்னும் அன்றாட அலுவலக நடைமுறைகளின் வழியே அது படிப்படியாக நழுவியது. தந்தையும் பாட்டனும் விட்டுச்சென்ற பழைய அட்டையையும் நில வரி இரசீதையும் அகதி முகாம்களில் இன்றும் பேணி வைத்திருப்போர் உள்ளனர். தாம் இழந்தது எது என்பதை அவர்கள் நன்கறிவர். ஓர் ஆவணத்தை ஒப்படைக்குமுன் அதன் படியையேனும் காத்துவைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலிய சான்று வேண்டுவதில்லை.