பெயர் செதுக்கிய சுவரும் எண்ணிக்கை செதுக்கிய சுவரும்

முதல் உலகப் போரில் மடிந்த இந்தியச் சிப்பாய்களுக்கு பிரிட்டிஷ் பேரரசு எழுப்பிய நினைவுச் சின்னங்களில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று வட பிரான்சில் நவ் ஷபெல் என்ற சிற்றூரில் 1927 அக்டோபரில் திறக்கப்பட்டது. மற்றொன்று இராக்கின் பாஸ்ராவில் 1929 மார்ச்சில் திறக்கப்பட்டது. இரண்டையும் எழுப்பியது பேரரசுப் போர்க்கல்லறை ஆணையம்தான். பதவி, இனம், மதம் எதையும் பாராமல் இறந்தவர் எல்லாரையும் ஒன்றுபோல் நினைவுகூர்வோம் என்பது அந்த ஆணையம் ஏற்றுக்கொண்ட கொள்கை. கல்லறை இல்லாதவர்களின் பெயர் கல்லிலாவது நிற்கவேண்டும் என்பதற்காகவே இத்தகைய சுவர்களைக் கட்டினார்கள்.

நவ் ஷபெல்லில் அந்தக் கொள்கை அப்படியே நிறைவேறியது. 1915 மார்ச்சில் இந்தியப் படை பெரும் இழப்போடு போரிட்ட களம் அது. தில்லித் தலைமைச் செயலகக் கட்டடங்களை வடிவமைத்த ஹெர்பர்ட் பேக்கர்தான் இந்தச் சின்னத்தையும் வரைந்தார். வட்டமான வளாகம், அதன் ஒரு பாதி கல் சாளரம், மறு பாதி பெயர்ச் சுவர். உள்ளே சுமார் 15 மீட்டர் உயரத்தில் தாமரைத் தலைப்புக் கொண்ட தூண், அதன் அடியில் இரு கல் புலிகள். கல்லறை தெரியாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் படைப்பிரிவு வாரியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. சுபேதாருக்குள்ள அதே எழுத்தளவுதான் சிப்பாய்க்கும். 1915 மார்ச் 10 அன்று அங்கே வீழ்ந்து, இறந்தபின் விக்டோரியா சிலுவை பெற்ற கார்வால் வீரர் கபர் சிங் நேகியின் பெயரும் அதில் உண்டு. உத்தராகண்டின் சம்பாவில் அவர் நினைவாக இன்றும் ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். ஊர் கொண்டாடும் பெயரும் கல்லில் உள்ள பெயரும் அங்கே ஒன்று.

திறப்பு விழாவுக்கு பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் ஃபோஷ் வந்தார். போரில் மகனைப் பறிகொடுத்த எழுத்தாளர் கிப்ளிங்கும் வந்தார். பிறகு 1964-இல் அங்கே ஒரு வெண்கலப் பலகை சேர்ந்தது. ஜெர்மனியில் போர்க்கைதிகளாக இறந்து, பெர்லினுக்குத் தெற்கே புதைக்கப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களின் கல்லறைகளைப் பராமரிக்க முடியாமல் போனது. அவர்கள் பெயர்களை அந்தப் பலகையில் ஏற்றினார்கள். போர் முடிந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், விட்டுப்போன பெயரைச் சேர்க்க வழி இருந்திருக்கிறது என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இனி பாஸ்ரா. கடல் கடந்து போன இந்தியப் படைகளில் மிகப் பெரும் பகுதி போனது மெசபடோமியாவுக்குத்தான் (இன்றைய இராக்), பிரான்சுக்கு அல்ல. வெயில், காலரா, பசி எல்லாம் சேர்ந்து தின்ற களம் அது. அங்கே கூட் நகர முற்றுகையில் சிக்கி 1916 ஏப்ரலில் துருக்கியரிடம் சரணடைந்த படையில் இந்தியரே அதிகம். கைதிகளாக அனத்தோலியாவை நோக்கி நடத்திச் செல்லப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவே இல்லை. நம் பக்கத்து ஆட்களைக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையும் அந்த ஆற்றங்கரைகளில் பாலமும் படகுத்துறையும் அமைத்தது. கல்லறை தெரியாத 40,500-க்கும் மேற்பட்டோருக்காக எழுந்த பாஸ்ரா சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. இந்தியர்களில் சுபேதார், ஜமேதார் போன்ற அதிகாரிகளுக்கும் உண்டு. அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு இல்லை. படைப்பிரிவின் பெயர், அதன் அதிகாரிகளின் பெயர்கள், கடைசியில் 'இன்னும் இத்தனை இந்தியப் படைவீரர்கள்' என்ற பொருளில் ஓர் எண். ஹவில்தாரும் நாயக்கும் சிப்பாயும் அந்த எண்ணுக்குள் அடக்கம்.

பெயர் தெரியாததால் இப்படிச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆணையத்தின் பதிவேடுகளைப் பார்த்தால், பல இந்தியச் சிப்பாய்களுக்கு அப்பா பெயர், மனைவி பெயர், கிராமம், மாவட்டம் வரை எழுதப்பட்டிருக்கிறது. ஏட்டில் ஏறிய பெயர் கல்லில் ஏறவில்லை. இதற்கு என் கணிப்பில் முதல் காரணம், அந்தக் கல்லை யார் பார்ப்பார்கள் என்பதுதான். பிரான்சில் உள்ள சின்னத்தின் முன் ஐரோப்பாவின் தளபதிகளும் பத்திரிகையாளர்களும் வந்து நிற்பார்கள். இந்தியாவின் விசுவாசத்தை அவர்களுக்குக் காட்டவேண்டியிருந்தது. பாஸ்ராவில் சின்னம் நின்ற படகுத்துறைக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. இரண்டாவது காரணம், ஆட்சியாளர்களின் மனப்போக்கு. ஆப்பிரிக்கப் போர்வீரர்களையும் சுமைக்காரர்களையும் பெயரின்றி விட்ட காலனி அதிகாரிகள், சாதாரணச் சுதேசிக்குத் தனிக்கல்லின் அருமை புரியாது என்றே வாதிட்டார்கள்.

அந்த வாதத்தைத் தமிழ் மண்ணில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு பொய் என்பது தெரியும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தொறு (கால்நடை) மீட்கும் பூசலில் பட்ட வீரனின் பெயரோடு, அவன் பக்கத்தில் நின்று கள்ளரைக் கடித்த நாயின் பெயரையும், கோவிவன் என்று, அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் எழுதும் பழக்கம் நம் ஊருக்கும் வந்தது. திருச்சி காந்தி மார்க்கெட் அருகே உள்ள போர் நினைவு மணிக்கூண்டில், இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று கல்வெட்டு சொல்கிறது. யார் யார் என்று சொல்வதில்லை. சிப்பாயின் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதும் அரசு, தான் எவ்வளவு ஆள் திரட்டினேன் என்பதையே சொல்லிக்கொள்கிறது. அதை மரியாதை என்று ஏற்க என்னால் முடியவில்லை.

பெயரை விட்டு எண்ணை எழுதிய குறையைப் போர்க்கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்று அது மதிப்பிட்டது. பெயரின்றியோ, அறவே நினைவுகூரப்படாமலோ போனவர்கள் குறைந்தது 1,16,000 பேர் என்றும் சொன்னது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பாஸ்ராச் சின்னமோ 1997-இல் சதாம் உசேன் உத்தரவால் பழைய இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, நாசிரியா சாலையில் பாலைவனத்தின் நடுவே மீண்டும் அடுக்கப்பட்டது. அங்கே போய்ப் பார்ப்பது எளிதல்ல. ஆனால் பெயர்களைச் சேர்க்க அங்கேதான் போகவேண்டும் என்பதில்லை. பதிவேட்டில் ஊரும் மாவட்டமும் இருக்கின்றன. தமிழக ஊர்களைச் சேர்ந்தவர்களைத் தேடியெடுத்து, அந்தந்த ஊரில் ஒரு பலகையில் எழுதிவைப்பதை மாநில அரசே செய்யலாம். திருச்சி மணிக்கூண்டிலிருந்து தொடங்கலாம்.