செம்பனைக் காட்டு ரோட்டில் காருக்கு வந்த பெயர்

மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில் இருக்கும் பெக்கோக்குக்குக் காரை விட ரயில்தான் முதல் உறவு. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான தண்டவாளம் 1909இல் போட்டு முடிந்தது. லாபிஸ், சாஆ, யோங் பெங் என்று போகும் கூட்டரசுச் சாலையோ ஊரைத் தொடாமல் மேற்கே ஒதுங்கிப் போகிறது. அதிலிருந்து பிரிந்து உள்ளே வருகிறவர் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழைய வேண்டும். கிழக்கே போனால் எண்டாவ் ரொம்பின் காடு. இந்த வழியில் கார் நடுரோட்டில் நின்றுவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகும், பிள்ளையின் பரீட்சை போகும், சில நேரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவும் முடியாது. அதனால் ‘எந்தக் காடி தாங்கும்?’ என்பது இங்கே பொழுதுபோக்குப் பேச்சு இல்லை. வீட்டுச் செலவுக் கணக்கில் பெரிய வரி அது.

தோட்டங்களில் வெகுகாலம் கார் என்றால் நிர்வாகி துரையின் கார்தான். கணக்கெழுதும் கிராணிக்கே மோட்டார் சைக்கிள் வாய்த்தால் பெரிய விஷயம். அந்தக் காலத்து ரோடுகளில் ஓடியவை மோரிஸ் மைனர், ஆஸ்டின் போன்ற பிரிட்டிஷ் வண்டிகள். கனத்த தகடு, கனத்த கதவு. 1970களில் டாட்சன் 120ஒய், டொயோட்டா கொரோலா என்று ஜப்பான் வண்டிகள் பெருகியபோது அவற்றின் மெல்லிய தகட்டைத் தட்டிப் பார்த்து ‘மைலோ டின்’ என்றார்கள். தகடு துருப்பிடித்தது உண்மை. ஆனால் காலையில் சாவியைத் திருப்பினால் இஞ்சின் பிடித்தது, அடுத்த நாளும் பிடித்தது. பத்து வருடம் அப்படி ஓடிய பிறகுதான் ‘ஜப்பான் இஞ்சின்’ என்பது ஒரு நற்சான்றிதழ் ஆனது.

ஜப்பானுக்கும் அந்தப் பெயர் பிறப்பிலேயே வந்ததில்லை. 1957இல் டொயோட்டா தன் கிரவுன் காரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அந்த நாட்டு நெடுஞ்சாலை வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே விற்பனையை நிறுத்திவிட்டு, வேறு காரோடு திரும்பிப் போக வேண்டியிருந்தது.

மலேசியாவின் சொந்தக் கார் என்று புரோட்டோன் சாகா வெளிவந்தது 1985 ஜூலை 9 அன்று. நிறுவனம் பிறந்து இரண்டே வருடம்தான் ஆகியிருந்தது. புதிய நிறுவனத்தின் முதல் காரை யார் நம்புவார்கள்? நம்பினார்கள், ஏனென்றால் சாகாவின் உடம்பும் இஞ்சினும் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே வண்டியுடையவை. பெயர் உள்ளூர், நம்பிக்கை ஜப்பானிடம் வாங்கிய கடன். பானட்டைத் திறந்தால் கைவிட்டு வேலை செய்ய இடம் இருந்தது. சிறு ஊர்ப் பட்டறை ஃபோர்மனுக்குப் புரியாத பொருள் எதுவும் அதற்குள் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் லயங்களை விட்டு ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகத் தொடங்கிய அந்த ஆண்டுகளில், பல தமிழ்க் குடும்பங்களின் முதல் கார் இன்னொருவர் ஓட்டி முடித்த சாகாதான். 1993இல் வீரா வந்தது. அந்தப் பத்தாண்டில் நாட்டில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் புரோட்டோனுடையவை.

பெயர் கெட ஆரம்பித்ததும் அந்த நல்ல காலத்தில்தான். கெடுத்தது இஞ்சின் இல்லை, ஜன்னல் கண்ணாடி.

பட்டனை அழுத்தினால் கதவுக்குள் மோட்டார் முனகும், கண்ணாடி பாதியில் நிற்கும். அல்லது பிளாஸ்டிக் பிடி உடைந்து கண்ணாடி சட்டென்று கதவுக்குள் இறங்கிவிடும். மழைக்காலத்தில் அட்டைத் துண்டையோ கட்டையையோ முட்டுக்கொடுத்து வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். டோல் சாவடியில் கண்ணாடியை இறக்கப் பயந்து கதவையே திறந்து காசு நீட்டுவது நாடே அறிந்த காட்சியானது. கார் தொழிலோடு உள்ளூர் உதிரிபாகத் தொழிலும் வளர வேண்டும் என்பது அரசின் திட்டம். சிறு பாகங்கள் பலவும் புதிதாக முளைத்த உள்ளூர் ஆலைகளிலிருந்து வந்தன. திட்டம் நியாயமானது. ஆனால் அந்த ஆலைகள் தொழில் கற்றுக்கொண்ட காலத்தின் செலவை, கடன் கட்டி கார் வாங்கியவர்கள் ஏற்றார்கள்.

வண்டி நிற்கவில்லை, ஆனாலும் பெயர் போனது. இஞ்சின் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடுவதை யாரும் பார்ப்பதில்லை. ஏறாத கண்ணாடியைத் தினமும் பார்க்கிறார்கள். ஃபோர்மன்கள் மட்டும் இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். வீராவின் இஞ்சின் தேய்ந்தால் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த மிட்சுபிஷி வண்டிகளின் இஞ்சினை ‘ஹாஃப்கட்’ கடையில் வாங்கிப் பொருத்தினார்கள். அப்படி இரண்டாவது ஆயுள் பெற்ற வீராக்களை ஜொகூர் ரோடுகளில் நெடுங்காலம் பார்க்க முடிந்தது.

2000இல் வாஜா, புரோட்டோன் தானே வடிவமைத்த கார் என்ற பெருமையோடு வந்தது. 2004இல் ஜென்2 காரில் புரோட்டோனின் சொந்த இஞ்சினான கேம்ப்ரோ வந்தது. சொந்தக் காலில் நிற்கும் முயற்சி, மதிக்க வேண்டியதுதான். ஆனால் வாங்கிய கடன்பெயரின் காலம் அத்தோடு முடிந்தது. பின்னர் வந்த கேம்ப்ரோ வண்டிகளில் இஞ்சின் எண்ணெயைக் குளிர்விக்கும் ரப்பர் குழாய் நாளடைவில் கெட்டித்துப்போய் ஒழுகும். சின்ன விலைப் பொருள்தான், கவனிக்காமல் விட்டால் செலவு இஞ்சின் வரை போகும். 2011இலிருந்து சாகாவில் போட்ட பஞ்ச் நிறுவனத்து சிவிடி ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி மீதிருந்த சந்தேகமும் செகண்ட்ஹேண்ட் சந்தையில் பேரம் பேசுகிறவருக்குக் கையில் கிடைத்த ஆயுதமானது.

இதற்குள் இன்னொரு உள்ளூர் கார் நிறுவனமான பெரோடுவா சத்தமில்லாமல் முன்னேறியிருந்தது. 1994 ஆகஸ்டில் வந்த அதன் கஞ்சில், ஜப்பானின் டைஹட்சு மிராவின் மறுபிறப்பு. மூன்று சிலிண்டர், 660 சிசி. நான்கு பேரோடு மேடு ஏறினால் ஏர்கோனை அணைக்க வேண்டும். வந்த புதிதில் அதைப் பெரிய கார்க்காரர்கள் மதிக்கவில்லை. ஆனால் டிரைவிங் பள்ளிகள் அதை எடுத்துக் கற்றுக்குட்டிகளிடம் கொடுத்தன. கிளட்சையும் கியரையும் ஆயிரம் புதுக் கைகள் பாடாய்ப் படுத்தியும் அது ஓடியது. பெரோடுவா சொந்த இஞ்சினுக்கு அவசரப்படவில்லை, டைஹட்சுவின் கையை விடவில்லை. 2005இல் மைவி, அடுத்த ஆண்டே விற்பனையில் புரோட்டோனைத் தாண்டி முதலிடம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ‘தாங்கும்’ என்ற பெயர், மோதினால் காக்கும் என்ற உறுதி இல்லை. ஒரு குடும்பமே நெருக்கி உட்கார்ந்து போன கஞ்சில் மெல்லிய பெட்டிதான். 2023இல் டைஹட்சு பல ஆண்டுகளாகப் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்தது வெளியானது. டிசம்பர் அறிக்கையில் 64 மாடல்கள் இருந்தன, பெரோடுவா வண்டிகளும் அவற்றில் அடக்கம். ஆனால் 2024இல் பெரோடுவா மூன்றரை லட்சத்துக்கு மேல் விற்றுத் தன் சாதனையைத் தானே முறியடித்தது. சோதனைக்கூடத்தில் நடந்த தவறு பட்டறைக்கு வந்து சேராததால் பெயர் அசையவில்லை. இது மகிழ்ச்சி தரும் செய்தி அல்ல.

புரோட்டோனின் மீட்சி இன்னொரு கதை. 2017இல் சீனாவின் ஜீலி 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 2018 டிசம்பரில் எக்ஸ்70 வந்தது. 2019இல் சாகாவின் சிவிடியை எடுத்துவிட்டு ஹூண்டாயின் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கைப் பொருத்தினார்கள். பழைய தொழில்நுட்பம்தான், ஆனால் அடிபட்டுத் தேறியது. அந்த ஆண்டே விற்பனை மறுபடி ஒரு லட்சத்தைத் தாண்டியது. கைகொடுத்த ஹூண்டாயின் வரலாறும் பார்க்கத் தக்கது. 1986இல் எக்ஸல் காரோடு அமெரிக்கா போய், மலிவு விலையால் விற்றுத் தள்ளி, பிறகு வண்டியின் தரத்தால் கேலிக்கு ஆளான நிறுவனம் அது. 1998இல் பத்து வருட வாரண்டி அறிவித்துத்தான் அந்த நாட்டு மக்களைத் திரும்பக் கூப்பிட முடிந்தது.

புதுக் கார் வாங்குகிறவரின் திருப்தி ஐந்து வருட வாரண்டிக்குள் பிறப்பது. பெக்கோக் மாதிரி ஊர்களுக்கு வண்டி பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது, இரண்டாவது கை, மூன்றாவது கை என்று. ‘அண்ணே, இதை எடுக்கலாமா?’ என்று ஃபோர்மனிடம் கேட்பது அப்போதுதான். 2018, 2019இல் விற்ற எக்ஸ்70 வண்டிகளின் வாரண்டி இப்போது முடிந்துவிட்டது. சஸ்பென்ஷன் புஷ், கியர்பெட்டி, ஏர்கோன் எல்லாம் செம்மண் ரோட்டில் எத்தனை வருடம் தாங்கும் என்று இந்த ஊர்ப் பட்டறைகளில் இப்போதுதான் கணக்குப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.