ராமச்சந்திரன், ஜி. என். (1922–2001)

மூலக்கூறு உயிர் இயற்பியல் அறிஞர். கொலாஜன் என்னும் புரதத்துக்கு முச்சுருள் அமைப்பை முன்மொழிந்தவர். புரத ஆய்வாளர்கள் நாள்தோறும் கையாளும் ராமச்சந்திரன் வரைபடம் இவர் பெயரால் வழங்குகிறது. முழுப்பெயர் கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன். முதலெழுத்தில் மறைந்திருக்கும் கோபாலசமுத்திரம், திருநெல்வேலிக்கு அருகே தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள ஊர்.  

இளமையும் கல்வியும்

பிறந்தது 1922 அக்டோபர் 8 அன்று, எர்ணாகுளத்தில். தந்தை நாராயண ஐயர் அங்குள்ள மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். மகனின் கணிதப் பிடிப்புக்கு வீடே முதல் பள்ளி. திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்து, 1942-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கிருந்து சி. வி. ராமனின் இயற்பியல் துறைக்கு மாறினார். "இந்தப் பையன் உங்கள் துறைக்குக் கொஞ்சம் அதிகப்படியான கெட்டிக்காரன்" என்ற பொருள்பட மின்பொறியியல் தலைவரிடம் ராமன் சொல்லி அழைத்துக்கொண்டதாக ஒரு கதை வழங்குகிறது. சொல்பவருக்கேற்ப அதன் வாசகம் மாறுவதால் கதையாகவே கொள்வது நலம். 1947-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பின் கேம்பிரிட்ஜ் சென்று கேவண்டிஷ் ஆய்வகத்தில் வூஸ்டரிடம் படிக எக்ஸ் கதிர்ச் சிதறலை ஆராய்ந்து 1949-இல் முனைவரானார். அவ்வாண்டே பெங்களூரு திரும்பினார்.

சென்னைக் காலம் (1952–1970)

சென்னைப் பல்கலைக்கழகம் புதிதாக ஓர் இயற்பியல் துறை தொடங்கியபோது துணைவேந்தராக இருந்தவர் ஆ. லட்சுமணசாமி முதலியார். பதவி முதலில் ராமனுக்குத்தான் அளிக்கப்பட்டதென்றும், அவரே தம் மாணவரைக் கைகாட்டினார் என்றும் சொல்வர். 1952-இல் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் பொறுப்பேற்ற ராமச்சந்திரனுக்கு வயது முப்பது. கிண்டி வளாகத்தில் எக்ஸ் கதிர் ஆய்வகம் அமைந்தது.

எதை ஆராய்வது என்ற கேள்விக்கு விடை வெளியிலிருந்து வந்தது. சென்னைக்கு வந்த, அயர்லாந்தில் பிறந்த படிகவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு வலுவூட்டும் புரதம் அது. விலங்குடலில் மிகுதியாகக் காணப்படுவதும் அதுவே. மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே இருந்ததும் வசதியாயிற்று. சுறாத் துடுப்பு முதல் கங்காரு வால் தசைநாண் வரை பலவற்றை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தார்கள். தெளிவான படம் தந்தது கங்காரு வால்தான். கிண்டியில் ஓர் ஆய்வு மேசையில் கங்காருவின் வால் தசைநாண் கிடந்தது என்பது அவ்வளவு எளிதில் மறக்கக்கூடிய செய்தியன்று.

கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வந்தது. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் அமைந்து, மூன்று இழைகள் அந்தச் சிற்றிடத்தில் நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் கண்ட விடை. மறு ஆண்டு அதைத் திருத்தி, தனித்தனியே சுருண்ட மூன்று இழைகளும் ஒரு பொது அச்சைச் சுற்றி மீண்டும் முறுக்கிக்கொள்வதாகக் காட்டினர். நிலவு பூமியைச் சுற்றிக்கொண்டே எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதை எண்ணியபோது இந்த முறுக்கு தோன்றியதாகச் சொல்லப்படுகிறது.

1955 நவம்பரில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் வேறு வடிவம் வெளியிட்டனர். மூன்றிழை, முறுக்கு என்ற அடிப்படையில் வேற்றுமை இல்லை. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்றது சென்னை. ஒன்றுதான் என்றனர் அவர்கள். சென்னை வடிவத்தில் சில அணுக்கள் ஆகாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்பதும் அவர்கள் குறை. 1968-இல் ஆர். சந்திரசேகரனுடன் ராமச்சந்திரன், இரண்டாம் பிணைப்பு ஒரு நீர் மூலக்கூறின் வழியே அமையலாம் என்று எழுதினார். 1994-இல் கொலாஜன் போன்ற பெப்டைடு ஒன்றின் படிக அமைப்பு வெளியானபோது நேரடிப் பிணைப்பு ஒன்றே காணப்பட்டது. நீர் வழிப் பிணைப்புகளும் காணப்பட்டன. அதனால் இரு தரப்பும் தத்தம் பக்கம் நியாயம் சொல்ல இடமிருக்கிறது. முச்சுருளின் முதன்மை யாருக்கு என்பதிலும் நூல்களின் போக்கு ஒன்றாக இல்லை. முதற்கருத்து சென்னையுடையது என்பதைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர்.

வரைபடம்

நெருக்கம் பற்றிய அந்தக் குறைதான் பெரிய பலனைத் தந்தது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று அறிய, அதுவரை வெளியான படிக அமைப்புகளையெல்லாம் ராமச்சந்திரனும் வி. சசிசேகரனும் சி. ராமகிருஷ்ணனும் சலித்தனர், அணு வகைக்கேற்பக் குறைந்தபட்சத் தொலைவுகளை வகுத்தனர். புரத இழையில் ஒவ்வொரு அமினோ அமிலத்தின் நடுக்கரிமத்துக்கும் இருபுறமும் சுழலக்கூடிய பிணைப்பு ஒவ்வொன்று உண்டு. அவற்றின் கோணங்கள் ஃபை, சை எனப்படும். இரண்டையும் படிப்படியாக மாற்றி, எந்தச் சேர்க்கையில் அணுக்கள் மோதிக்கொள்கின்றன என்று கணக்கிட்டுக் கட்டத்தாளில் குறித்தார்கள். கணினி கைக்கெட்டாத காலம். மேசைக் கணிப்பானைக் கொண்டே பெரும்பகுதி முடிந்தது.

முடிவு எளிமையானது. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்குப் படத்தில் கால் பங்குக்கும் குறைவான இடமே ஆகும், மற்றவை தடை. கிளைசினுக்கு மட்டும் இடம் தாராளம். பாலிங் கண்ட ஆல்ஃபா சுருளும் பீட்டா மடிப்பும் ஆகும் இடங்களில் பாங்காக விழுந்தன. 1963-இல் 'ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜி'யில் வந்த இக்கட்டுரை ஐந்தே பக்கம். முழு அளவிலான புரதங்களின் அமைப்பு ஒன்றிரண்டே தெரிந்திருந்த காலத்தில், இனித் தெரியப்போகும் புரதங்கள் அனைத்துக்குமான எல்லையை அணுக்களின் பருமனை மட்டும் வைத்து அது வரைந்துவிட்டது. இத்துறை அறிந்த மிகச் சிக்கனமான கட்டுரைகளுள் ஒன்று என்று அதைச் சொல்லலாம்.

இவரிடம் பயின்றவர்களுள் சி. எம். வேங்கடாசலம் 1968-இல் புரத இழையின் பீட்டா திருப்பங்களை வகைப்படுத்தினார். கர்த்தா அமெரிக்கா சென்று ரைபோநியூக்ளியேஸின் அமைப்பைக் கண்ட குழுவில் இடம்பெற்றார்.

பெங்களூரும் பிற்காலமும்

முதலியாரின் நீண்ட துணைவேந்தர் காலம் 1969-இல் முடிந்தது. ராமச்சந்திரன் சென்னையை விட்டதற்கு அதுவே காரணம் என்பர் சிலர். 1971-இல் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். சிகாகோ பல்கலைக்கழகத்திலும் பகுதிநேரப் பொறுப்பு வகித்தார். அவ்வாண்டே ஏ. வி. லட்சுமிநாராயணனுடன், எக்ஸ் கதிர் நிழற்படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தைக் கணக்கிடும் விரைவான முறையை வெளியிட்டார். சி.டி. ஸ்கேன் கருவிகள் பின்னர் இவ்வகைக் கணக்கையே கைக்கொண்டன. வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967-இலேயே ஒத்த முறையைக் கூறியிருந்ததால், முதன்மையை ஒருவருக்கே உரியதாக்குவது கடினம். சி.டி. ஸ்கேனுக்கான 1979 நோபல் பரிசு கார்மாக், ஹவுன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் போயிற்று.

பிற்காலத்தில் தர்க்கவியலைக் கணித வடிவில் எழுதும் முயற்சியில் ஈடுபட்டார். 1961-இல் பட்நாகர் பரிசும், 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதியும், 1999-இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்டு பரிசும் பெற்றார். 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார். மகன் ரமேஷ் நாராயண் ஹார்வர்டு பல்கலைக்கழக வான் இயற்பியலாளர்.

சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தின் புரத ஆய்வு மையம் இவர் பெயர் தாங்கியது. புரதத் தரவு வங்கியில் சேரும் புரத அமைப்புகளுக்கான சரிபார்ப்பு அறிக்கையில், ராமச்சந்திரன் வரைபடத்தின் எல்லைக்கு வெளியே விழும் அமினோ அமிலங்களின் விழுக்காடு இன்றும் குறிக்கப்படுகிறது.