கேத்தலின் வெள்ளைப் பொருக்கு: எது செலவு, எது ஆபத்து?

மாத்தளை மாவட்டத்தின் நக்கிள்ஸ் மலைச்சரிவில் உள்ள தோட்டங்களில், பீலித் தண்ணீரில் தேநீர் போடும் கேத்தல் பல மாதங்கள் சென்றாலும் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். அதே மாவட்டத்தின் தாழ்ந்த, வறண்ட பக்கங்களில் கிணற்று நீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் சில வாரங்களிலேயே வெள்ளையாக ஒரு பொருக்கு பிடித்துவிடும். சுவரில் மாட்டிய ஹீட்டரின் உள்ளேயும் இதுதான் நடக்கிறது, அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்தப் பொருக்கைக் கண்டு சிலர் சிறுநீரக நோய் வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். சிலர், கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். இரண்டுமே சரியல்ல.

பொருக்கு எங்கிருந்து வருகிறது?

கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைகளுக்கு டொலமைட் தூள் போடுவது தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அது கல்சியமும் மக்னீசியமும் கொண்ட பாறையை அரைத்த தூள். மாத்தளை மாவட்டத்திலும் அந்தப் பாறை வெட்டியெடுக்கப்படுகிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அந்த நீர் இத்தகைய பாறைகளினூடாகச் செல்லும்போது அவற்றைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. பாடப்புத்தகங்கள் இதைத்தான் வன்னீர் என்கின்றன. மலை உச்சியை அண்டிய ஊற்று நீர் நிலத்துக்குள் குறைந்த காலமே இருப்பதால் பொதுவாக மென்னீராக இருக்கிறது.

வன்னீரைச் சூடாக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, கரைந்திருந்த கல்சியம் மீண்டும் கல்லாகிறது. கல்சியங்காபனேற்று எனப்படும் அதுவே பொருக்கு. சூடு கூடக்கூடப் படிவதும் கூடும். 60 பாகை செல்சியஸுக்கு மேல் இது வேகமாக நடக்கும்.

1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்து குடியேறிய குடும்பங்கள் பீலியை விட்டுக் கிணற்றுக்கு வந்தவை. சவர்க்காரம் நுரைக்காததும் பருப்பு வேகத் தாமதிப்பதும் வன்னீரின் அடையாளங்கள். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருப்பதால் அங்கும் இதே கதைதான்.

பொருக்கு என்ன செய்கிறது?

பொருக்கு சூட்டை எளிதில் கடத்தாது. ஹீட்டரின் கொயிலைச் சுற்றி அது பிடித்துவிட்டால், தண்ணீர் சூடாக அதிக நேரம் எடுக்கும். கொயில் தன் சூட்டை வெளியேற்ற முடியாமல் காலப்போக்கில் எரிந்துபோகும். கேத்தல் வழமையைவிடச் சத்தம் போடுவது, ஷவரில் தண்ணீர் மெல்லியதாக வருவது, சுடுநீர் முன்னரைவிட விரைவில் முடிவது ஆகியவை அறிகுறிகள்.

குடிநீருக்கான இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 614, வன்மைக்கு லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்ற எல்லையை வைத்திருக்கிறது. அந்த எல்லையில் உள்ள நீரில் ஒரு வீடு நாளொன்றுக்கு 50 லீற்றர் சூடாக்கினால், வருடத்துக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ கனிமம் அந்த ஹீட்டரைக் கடந்து போகிறது. எல்லாம் படிவதில்லை. ஆனால் அதில் ஒரு பங்கு படிந்தாலே போதும்.

எப்படி நீக்குவது?

கேத்தல்: வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் ஊற்றி, சற்றுச் சூடாக்கி நிறுத்தி ஒரு மணித்தியாலம் விடுங்கள். இரண்டு மூன்று தேசிக்காய்ச் சாறும் உதவும். பிறகு நன்றாகக் கழுவி, ஒருமுறை தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றிவிடுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் அமிலத்தை நீண்ட நேரம் விடக்கூடாது. கத்தியால் சுரண்டவும் வேண்டாம்.

ஷவர் தலை: கழற்றி, வினாகிரியில் ஊற வைத்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். வினாகிரியோடு குளோரின் கலந்த சுத்திகரிப்புத் திரவத்தை ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு உருவாகும்.

தாங்கியுள்ள ஹீட்டர்: இதைத் திறப்பது வீட்டாரின் வேலையல்ல. மின்சாரத்தைத் துண்டித்து, தண்ணீரை வடித்து, கொயிலில் உள்ள பொருக்கை நீக்க மின் வேலை தெரிந்தவரை அழையுங்கள். அவர் வரும்போது தாங்கி துருப்பிடிக்காமல் காக்கும் மக்னீசியக் கம்பி கரைந்துவிட்டதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு வால்வில் தண்ணீர் சொட்டினால் அதை அடைக்கவே கூடாது. அழுத்தம் வெளியேற வழியில்லாமல் தாங்கி வெடிக்கக்கூடும்.

சூட்டை 60 பாகையளவில் வைப்பது நல்லது. அதைவிடக் கூட்டினால் பொருக்கு கூடும். மிகவும் குறைத்தால் தேங்கி நிற்கும் நீரில் கிருமிகள் வளரும். 60 பாகை நீர் தோலைச் சுட்டுவிடும் என்பதால், பிள்ளைகளையும் முதியோரையும் குளிப்பாட்டும்போது குளிர்நீர் கலந்து கையால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலண்டனில் இருக்கும் உறவுகளின் வீட்டு போய்லருக்கும் இந்தத் தொல்லை உண்டு. அந்நகரின் நீரும் பெரும்பாலும் வன்னீரே. அங்கே காஸ் போய்லரைப் பதிவு பெற்ற பொறியியலாளர் மட்டுமே திறக்கலாம்.

சிறுநீரக நோய் பற்றிய பயம்

மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவ, காரணம் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவிலும் இந்நோய் உண்டு. நீரின் வன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரின்றி உழைப்பது எனப் பலவற்றை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். தனியொரு காரணம் நிரூபிக்கப்படவில்லை. வன்மைக்கு உடல்நலம் சார்ந்த எல்லை எதையும் உலக சுகாதார அமைப்பு வகுக்கவில்லை.

ஆகவே கேத்தலில் வெள்ளை இருப்பதால் மட்டும் தண்ணீர் நஞ்சாகிவிடாது. வெள்ளை இல்லாததால் அது பாதுகாப்பானது என்றும் ஆகிவிடாது. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், வன்மையில் ஒரு பகுதியும் குறையும். புளோரைட்டு குறையாது. நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடவே செய்யும். எஸ்.எல்.எஸ். 614 புளோரைட்டுக்கு வைத்துள்ள எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம். உங்கள் கிணற்றில் எவ்வளவு என்பதைப் பரிசோதனை மட்டுமே சொல்லும்.

எனவே வீட்டுக்கு வடிகட்டி விற்க வருபவரிடம் பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமோ கிணற்று நீரைப் பரிசோதிக்கும் வழியைக் கேளுங்கள். வன்மை மட்டும் கூடுதல் என்றால் ஒரு போத்தல் வினாகிரியும் நேரத்துக்குச் செய்யும் துப்புரவும் பல வீடுகளுக்குப் போதும். புளோரைட்டு கூடுதல் என்றால் அதைக் குறைக்கும் முறையில் சுத்திகரித்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுங்கள். உப்பிட்டு நீரை மென்மையாக்கும் கருவி ஹீட்டரைக் காக்கும், ஆனால் நீரில் சோடியத்தைக் கூட்டும். இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் அந்த நீரைக் குடிப்பதற்கு முன் வைத்தியரைக் கேட்க வேண்டும்.